கணக்கு முதலில் சுவரில் வரட்டும்
அரசுச் செலவில் விரயத்தைக் குறைக்க மக்களின் யோசனையைக் கேட்க வேண்டும் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் அதற்கான இடம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்த கிராம சபை, 2022 முதல் உலகத் தண்ணீர் நாளையும் உள்ளாட்சி நாளையும் சேர்த்து ஆறு முறை கூட வேண்டும் என்றானது. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டமும் தன் 17ஆம் பிரிவில் பணிகளையும் செலவையும் மக்களே சரிபார்க்கும் சமூகத் தணிக்கைப் பொறுப்பை அந்தச் சபையிடமே ஒப்படைத்தது. நான் கலந்துகொண்ட கூட்டங்களில், தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கக் காட்டிய அவசரம் செலவுக் கணக்கை வாசிப்பதில் இல்லை என்பதுதான் வருத்தம். பணி நடந்த இடம், வாங்கிய பொருள், கொடுத்த கூலி ஆகியவற்றை ஒரு வாரம் முன்பே ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவைத்தால், எந்தக் குளம் உண்மையில் தூர்வாரப்பட்டது, எது ஏட்டில் மட்டும் இருக்கிறது என்பதை அங்கே மண் சுமந்த பெண்களே சபையில் எழுந்து சொல்வார்கள்.