கடனுக்கு முன்னால் நிலம்

உள்ளூர்த் தொண்டு அமைப்புகள் பெரும்பாலும் சுயஉதவிக் குழுக் கடன் மூலமாகவே வறுமையைக் குறைக்கின்றன என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். நீலகிரி மாவட்டம் கூடலூரில் வசிப்பவன் என்ற முறையில், இங்கு வரிசையே வேறாக இருந்தது என்பதைச் சொல்ல விரும்புகிறேன். 1986-இல் ஆதிவாசிகளுக்காகத் தொடங்கப்பட்ட அக்கார்டு என்ற தொண்டு அமைப்பு முதலில் கையில் எடுத்தது நிலப் பிரச்சினையைத்தான். பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் முதலான ஆதிவாசி மக்கள் தலைமுறைகளாக அனுபவித்துவந்த நிலம், பட்டா இல்லாத காரணத்தால் கைமாறிக்கொண்டிருந்தபோது, அவர்கள் ஆதிவாசி முன்னேற்றச் சங்கமாகத் திரண்டு, தங்கள் நிலத்தில் தேயிலையை நட்டார்கள். கேழ்வரகு விளைந்த காட்டைப் பதிவேட்டில் தரிசு என்று எழுதிவிடலாம்; வரிசையாகத் தேயிலை நிற்கும் நிலத்தை அப்படி எழுதுவது அவ்வளவு எளிதல்ல.

அடுத்தது மருத்துவம். 1990-இல் வந்த அஸ்வினி மருத்துவமனையில் ஆதிவாசிப் பெண்களே செவிலியர்களாகப் பயிற்சி பெற்றார்கள். 1992-இல் சங்க உறுப்பினர்களுக்குக் காப்பீடும் வந்தது. இதை வறுமை ஒழிப்புக் கணக்கில் பலர் சேர்ப்பதில்லை. ஆனால் மருத்துவச் செலவே ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளிவிடும். என் வீட்டுக்குப் பின்புறம் குடியிருந்த குடும்பமொன்று, வெளியூரில் பார்த்த ஒரு பிரசவத்துக்காக வாங்கிய நாலாயிரம் ரூபாய்க்கு இரண்டு ஆண்டுகள் வாரக் கூலியில் பிடித்தம் கொடுத்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. தொண்ணூறுகளின் இறுதியில் பறித்துக் கொடுக்கும் பச்சைத் தேயிலையின் விலை சரிந்தபோது சிறு விவசாயிகள் அனைவரும் அடிபட்டார்கள். இன்றும் மழை நாளில் ஈர இலை என்று சொல்லி, இலை வாங்கும் ஏஜென்ட் மூட்டைக்கு இத்தனை கிலோ எனக் கழிக்கிறார். தராசு அவருடையது, கணக்கு நோட்டும் அவருடையது.