உலோக உடம்புக்கு இவ்வளவு புகழ் தேவையில்லை

ரெசனேட்டர் கிட்டார் என்றாலே எல்லாரும் அந்தப் பளபளக்கும் உலோக உடம்பைத்தான் பேசுகிறார்கள். தொனியில் அதற்குப் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சத்தத்தைப் பெருக்குவது உள்ளே கிடக்கும் அலுமினியக் கூம்பு.

1880களின் கடைசியில் ஹவாயில் ஜோசப் கெகுகு, மடியில் கிட்டாரைக் கிடத்தி எஃகுத் துண்டைத் தந்திமேல் நகர்த்தி வாசித்தார். சித்திரவீணை பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். 1915 சான் பிரான்சிஸ்கோ கண்காட்சிக்குப் பின் அமெரிக்கா முழுக்க ஹவாய் இசை மோகம். ஆனால் பேண்டுக்கு நடுவே கிட்டார் காதில் விழாது. மேடைக் கலைஞர் ஜார்ஜ் பீச்சம் முதலில் செய்து தரச் சொன்னது கிராமபோன் குழாய் வைத்த கிட்டார். அது சரிப்படவில்லை.

லாஸ் ஏஞ்சலிஸில் பட்டறை வைத்திருந்த ஜான் டோப்பியேரா, 1927 வாக்கில் 6 அங்குலக் கூம்புகள் மூன்றின் மேல் தந்திகளைத் தாங்கும் ஆங்கில 'டி' வடிவப் பிரிட்ஜை உட்காரவைத்தார். அதுதான் நேஷனல் நிறுவனத்தின் ட்ரைகோன். பிறகு வந்த மலிவான ஒற்றைக் கூம்பு 9.5 அங்குலம், உச்சியில் பிஸ்கட் எனப்படும் மர வில்லை. இது யாருடைய யோசனை என்பதில் சண்டை முற்றி, 1929இல் டோப்பியேரா வெளியேறினார். சகோதரர்களோடு டோப்ரோ நிறுவனத்தைத் தொடங்கினார்.

என் வாதத்துக்குச் சாட்சி அந்த டோப்ரோதான். பெரும்பாலும் மர உடம்பு, சத்தமோ கணீர். 10.5 அங்குலக் கூம்பைக் கிண்ணம்போல் நிமிர்த்தி வைத்தார்கள். எட்டுக்கால் சிலந்திச் சட்டம் தந்தியின் அதிர்வை அதன் விளிம்புக்குக் கொண்டுபோகும்.

பழையது வாங்குபவர்கள் நிக்கல் பூச்சை உரசிப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கூம்பைப் பாருங்கள். எல்லாத் தந்தியையும் தளர்த்திவிட்டுத்தான் மூடியைக் கழற்ற வேண்டும். பிஸ்கட் வகையில் கூம்பைத் தன் இடத்தில் அமுக்கிப் பிடிப்பது தந்தியின் அழுத்தம் மட்டுமே. ஒட்டவே கூடாது, ஒட்டினால் ஒலி செத்துவிடும். தந்தி உயரம் குறையட்டும் என்று பிரிட்ஜில் தந்தி உட்காரும் சேடிலை ராவினால், தந்தி மடங்கும் கோணம் குறைந்து, அழுத்தமும் குறைந்து, கூம்பு இரைய ஆரம்பிக்கும். கழுத்தின் சாய்வைத் திருத்துவதே முறை. பிஸ்கட் திருகை வெறியோடு முறுக்கினால் உச்சி நசுங்கும். டோப்ரோவில் சிலந்தியின் நடுத் திருகு இறுகினால் ஒலி அடைபடும், தளர்ந்தால் கடகடக்கும். கால் சுற்று திருப்பி, தட்டிக் கேட்டு, மறுபடி கால் சுற்று.

சத்தத்துக்காகக் கூம்போடு பட்ட இத்தனை பாடும் சில வருடத்துக்குத்தான். 1932இல் அதே பீச்சம், நேஷனலுக்கு உலோக பாகங்கள் செய்து கொடுத்த அடால்ஃப் ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து, லாடக் காந்தம் வைத்த மின் ஸ்டீல் கிட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார். அதற்குக் கூம்பே வேண்டாம்.