ரோஜர் ஈபர்ட்டின் நட்சத்திரங்களும் அவற்றுக்கு அவர் எழுதிய காரணங்களும்

திரைப்பட ஆர்வலர்களிடையே ஒரு பட்டியல் அவ்வப்போது சுற்றுக்கு வருகிறது. புகழ்பெற்ற படங்களுக்கு அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் எவ்வளவு குறைவாக நட்சத்திரம் கொடுத்திருக்கிறார் என்பதைக் காட்டும் பட்டியல் அது. நான்கு நட்சத்திரங்களை உச்சமாகக் கொண்ட அவருடைய கணக்கில் 'ஃபைட் கிளப்' படத்துக்கு 2, 'கிளாடியேட்டர்' படத்துக்கு 2, 'தி யூஷுவல் சஸ்பெக்ட்ஸ்' படத்துக்கு 1.5, 'ப்ளூ வெல்வெட்' படத்துக்கு வெறும் 1. எண்கள் எல்லாம் உண்மை. ஆனால் அந்த எண்களுக்குக் கீழே அவர் எழுதியவற்றில் ஒரு வரியைக்கூடப் படிக்காமல் "இவருக்குப் போய் புலிட்சர் விருது கொடுத்தார்களா?" என்று (அமெரிக்க இதழியலின் மிக உயர்ந்த விருது அது) சிரித்துவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழில் 1967-இல் திரைப்பட விமர்சகராகப் பொறுப்பேற்ற ஈபர்ட், 2013 ஏப்ரலில் காலமாகும்வரை அங்கேயே எழுதினார். விமர்சனத்துக்கான புலிட்சர் விருதை 1975-இல் பெற்றபோது, திரைப்பட விமர்சகர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சைகளால் 2006-இல் பேசும் திறனை இழந்த பிறகும் அவருடைய எழுத்து நிற்கவில்லை. இத்தனை ஆண்டு உழைப்பை ஒரு மதிப்பெண் அட்டையாகச் சுருக்குவது அநியாயம்.

அவருடைய நட்சத்திரங்கள் எதை அளந்தன என்பதை அவரே விளக்கியிருக்கிறார். 'ஷாவ்லின் சாக்கர்' படத்தின் விமர்சனத்தில் அந்த விளக்கம் இருக்கிறது. ஒரு படம் எப்படி என்று நண்பர் கேட்டால், அதே வகைப் படங்களோடு ஒப்பிட்டுச் சொல்லத்தான் கேட்கிறாரே தவிர, உலகின் உன்னதப் படங்களோடு ஒப்பிட அல்ல என்பது அவர் வாதம். 'சூப்பர்மேன்' படத்துக்கு 4 என்றால் 'ஹெல்பாய்' படத்துக்கு 3, 'தி பனிஷர்' படத்துக்கு 2 என்று உதாரணமும் தந்தார். ஆகவே ஒரு நகைச்சுவைப் படத்துக்கு அவர் கொடுத்த மூன்றையும் ஒரு குடும்பக் கதைக்குக் கொடுத்த இரண்டையும் அருகருகே வைத்துக் குற்றம் கண்டுபிடிப்பதில் பொருளே இல்லை.

என்னைப் பொறுத்தவரை அவருடைய உண்மையான பலம் தெரிவது, பெரும்பாலானோரிடமிருந்து அவர் விலகி நிற்கும் இடங்களில்தான். ஸ்டான்லி குப்ரிக்கின் 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' படத்துக்கு அவர் கொடுத்தது 2 நட்சத்திரம். வன்முறை அதிகம், முகம் சுளிக்க வைக்கிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி அவர் ஒதுங்கவில்லை. லென்ஸைப் பற்றி எழுதினார். படத்தின் பல இடங்களில் குப்ரிக், அகன்ற காட்சியைப் பிடிக்கும் வைட் ஆங்கிள் லென்ஸைப் பயன்படுத்துகிறார். கேமராவுக்கு அருகில், சட்டகத்தின் ஓரங்களில் இருக்கும் முகங்களும் பொருள்களும் அதில் இழுபட்டுக் கோணலாகத் தெரியும். ஆனால் கொடூரங்களைச் செய்கிற அலெக்ஸ் வரும்போது, ஒன்று அவனைச் சட்டகத்தின் நடுவில் நிறுத்துகிறார், இல்லையென்றால் உருவத்தைச் சிதைக்காத சாதாரண லென்ஸுக்கு மாறிவிடுகிறார். சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் விகாரமாகவும் அவன் ஒருவன் மட்டும் இயல்பான மனிதனாகவும் தெரிவதால், இயக்குநர் தராசை அவன் பக்கம் சாய்க்கிறார் என்பதே ஈபர்ட்டின் குற்றச்சாட்டு. அந்தப் படத்தை அவர் மதித்ததைவிட நான் அதிகம் மதிக்கிறேன். அலெக்ஸின் பார்வையிலேயே நம்மைச் சிக்கவைப்பதுதான் குப்ரிக்கின் நோக்கம் என்று அவருக்குப் பதில் சொல்லவும் முடியும். ஆனால் அவர் சுட்டியதைத் திரையில் பார்த்துச் சரிபார்க்கலாம், அதனால்தான் அவரோடு வாதாடவும் முடிகிறது.

டேவிட் லிஞ்சின் 'ப்ளூ வெல்வெட்' (1986) பற்றிய கட்டுரை இன்னும் கூர்மையானது. இசபெல்லா ரோசலினி அதில் அடிபடுகிறார், அவமதிக்கப்படுகிறார், உடையின்றி வெட்டவெளியில் நிற்கிறார். ஒரு நடிகையிடம் இவ்வளவு துணிச்சலைக் கேட்கும் இயக்குநர், அதற்கு ஈடான தீவிரமுள்ள படத்தைத் தர வேண்டும். லிஞ்சோ அந்தக் காட்சிகளைச் சிற்றூர் வாழ்வைப் பற்றிய கிண்டலுக்கு நடுவே வைத்துவிட்டு, தான் பத்திரமாக விலகி நிற்கிறார் என்று ஈபர்ட் கோபப்பட்டார். அவரோடு சேர்ந்து தொலைக்காட்சியில் விமர்சனம் செய்த ஜீன் சிஸ்கல் படத்தை ஆதரித்தார். இந்த வழக்கில் நான் சிஸ்கலின் பக்கம்தான். அந்தச் சிற்றூரின் பளபளப்பு எனக்குக் கிண்டலாகப் படவில்லை. அது இல்லாவிட்டால் அடியில் இருக்கும் இருட்டுக்கு அவ்வளவு கனம் வந்திருக்காது. ஆயினும் நடிகையின் துணிச்சலுக்குப் படம் என்ன திருப்பித் தருகிறது என்ற அவருடைய கேள்வி, அதன் பிறகு நான் பார்த்த எத்தனையோ படங்களில், நம் ஊர்ப் படங்கள் உட்பட, என்னோடு வந்திருக்கிறது. லிஞ்சின் மீது அவருக்குத் தனிப்பட்ட பகை இருந்ததா என்று சந்தேகிப்பவர்களுக்கு ஒரு தகவல்: புல்வெட்டும் வண்டியை ஓட்டிக்கொண்டு நோயுற்ற அண்ணனைப் பார்க்கப் போகும் முதியவரின் கதையான 'தி ஸ்ட்ரெயிட் ஸ்டோரி', பிறகு வந்த 'முல்ஹாலண்ட் டிரைவ்' ஆகிய இரண்டுக்கும் அவர் முழுதாக 4 நட்சத்திரம் கொடுத்தார்.

மறுபரிசீலனை செய்யவும் அவர் தயங்கியதில்லை. 2003 கான் திரைப்பட விழாவில் 'தி பிரவுன் பன்னி' திரையிடப்பட்டபோது, விழாவின் வரலாற்றிலேயே மோசமான படம் என்று அறிவித்தார். இயக்குநர் வின்சென்ட் காலோவுக்கும் அவருக்கும் பகிரங்கமாகவே வசவுகள் பரிமாறப்பட்டன. காலோ 25 நிமிடங்களுக்கு மேல் வெட்டிச் சுருக்கிப் படத்தை வெளியிட்டபோது, ஈபர்ட் மீண்டும் பார்த்து 3 நட்சத்திரம் கொடுத்தார். தன்னைத் திட்டிய மனிதரின் படம் என்பது அவர் கண்ணை மறைக்கவில்லை. இதற்கு எதிர்ப்புறத்தில் 'தி காட்ஃபாதர்' இரண்டாம் பாகம் இருக்கிறது. 1974-இல் அதற்கு 3 நட்சத்திரம்தான் கொடுத்தார். பிளாஷ்பேக்குகள் கதையின் ஓட்டத்தைத் தடுக்கின்றன என்பது அவர் புகார். 2008-இல் அதைத் தன் 'மகத்தான திரைப்படங்கள்' வரிசையில் சேர்த்துக்கொண்டபோதும் பழைய குறையை அவர் கைவிடவில்லை.

சிஸ்கலோடு சேர்ந்து அவர் பிரபலமாக்கிய, படம் பிடித்தால் கட்டைவிரலை உயர்த்தும் வழக்கத்தால் நன்மையைவிடக் கெடுதலே அதிகம் என்று நினைக்கிறேன். நிகழ்ச்சியில் இருவரும் காரசாரமாக விவாதித்ததை விட்டுவிட்டு விரலை மட்டும் சுவரொட்டிகள் எடுத்துக்கொண்டன.

இதே கதிதான் இங்கும். 1977-இல் '16 வயதினிலே' படத்துக்கு ஆனந்த விகடன் 62.5 மதிப்பெண் கொடுத்தது என்பதை இன்றும் பலர் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அந்த விமர்சனம் படத்தைப் பற்றி என்ன சொன்னது என்று கேட்டால் பதில் வருவதில்லை. முதல் மூன்று நாள்களுக்கு இணைய விமர்சனங்களைத் தடுக்க வேண்டும் என்று 2024 இறுதியில் தயாரிப்பாளர்கள் உயர் நீதிமன்றத்தை அணுகும் அளவுக்கு நிலைமை முற்றியிருந்தது. தடை கேட்டதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் இடைவேளையிலேயே ஐந்துக்கு இரண்டு என்று அறிவித்துவிட்டு, எந்தக் காட்சி ஏன் சறுக்கியது என்று கடைசிவரை சொல்லாதவர்கள்மீது படம் எடுத்தவர்களுக்குக் கோபம் வருவது நியாயம்தானே?

ஈபர்ட்டின் கட்டுரைகள் அவர் பெயரிலுள்ள இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 4 நட்சத்திரம் வாங்கிய படங்களை விட்டுவிட்டு, உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரு படத்துக்கு அவர் 2 கொடுத்திருந்தால் அந்தக் கட்டுரையிலிருந்து தொடங்குங்கள். எந்த இடத்தில் அவரோடு ஒத்துப்போக முடியவில்லை என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படித்துப் பதில் சொல்கிறேன்.