பச்சை குத்தினால் சுகர் தெரியுமா?

நேற்றும் ஒரு நண்பர் வாட்ஸப்பில் அந்தப் படத்தை அனுப்பியிருந்தார். கையில் பச்சை குத்தியிருக்கிறது. சர்க்கரை ஏறினால் அதன் நிறம் மாறுமாம். "இனி விரலைத் தினமும் குத்த வேண்டாம், ஒரே தடவை கையில் குத்தினால் போதும்" என்று கீழே ஒரு வரி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இதே செய்தி புதுச் செய்தி போல என்னிடம் வந்து சேரும். பதினோரு வருடமாக விரல் நுனியைக் குத்திக்கொண்டிருக்கிற ஆள் என்பதால், பார்த்ததும் எல்லோருக்கும் என் ஞாபகம் வந்துவிடுகிறது. அன்புதான், கோபமில்லை. ஆனால் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில், இது கட்டுக்கதை இல்லை. 2017இல் எம்ஐடி மீடியா லேபும் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து 'டெர்மல் அபிஸ்' என்ற பெயரில் இப்படி ஒரு மையைச் செய்துகாட்டினார்கள். குளுக்கோஸ் கூடினால் நீலம் பழுப்பாகும். 2019இல் ம்யூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அலி யெட்டிசனின் குழு இன்னும் கொஞ்சம் முன்னே போனது. அமிலத்தன்மைக்கு ஒரு மை, குளுக்கோஸுக்கு ஒன்று, ஆல்புமின் புரதத்துக்கு ஒன்று. குளுக்கோஸ் மை மஞ்சளிலிருந்து கரும்பச்சைக்குப் போகும்.

இரண்டையும் சோதித்துப் பார்த்தது வெட்டியெடுத்த பன்றித் தோலில். வாட்ஸப்புக்கு வரும் படத்தில் அந்தப் பன்றி மட்டும் எப்போதும் காணாமல் போய்விடும். இதைச் சந்தைக்குக் கொண்டுவரும் திட்டமோ, மனிதர்களிடம் சோதிக்கும் திட்டமோ இல்லை என்று எம்ஐடி குழு அப்போதே சொல்லிவிட்டது. அந்த வரியும் கூடவே காணாமல் போகும்.

வேலை செய்யும் விதம் எளிமையானதுதான். பச்சை குத்தும்போது மை மேல்தோலைத் தாண்டி அடித்தோலில் போய்த் தங்குகிறது. அங்கே செல்களுக்கு நடுவே ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் சில நிமிடம் பின்தங்கி அந்த நீருக்கும் வந்துவிடும். மையில் இருக்கும் நொதி அதனுடன் வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்க, இன்னொரு நொதி அதைக்கொண்டு சாயத்தின் நிறத்தை மாற்றுகிறது. சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் ஸ்ட்ரிப் 1950களிலிருந்து செய்துவருவதும் இதே வேலைதான். காகிதத்துக்குப் பதில் இப்போது தோல், அவ்வளவுதான்.

நிறத்தைப் பார்த்துச் சர்க்கரை சொல்லும் பழக்கம் அந்த ஸ்ட்ரிப்புக்கும் முந்தியது. என் அப்பா பெனடிக்ட் கரைசல் காலத்து ஆள். சோதனைக் குழாயில் நீலக் கரைசலை எடுத்து, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, அடுப்பில் கொதிக்கவைப்பார். நீலமாகவே இருந்தால் நிம்மதி. பச்சையானால் கொஞ்சம் இருக்கிறது. மஞ்சள், ஆரஞ்சு என்று போய்ச் செங்கல் நிறம் வந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்க மாட்டோம். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து "இது பச்சையா, மஞ்சளா?" என்று அம்மாவிடம் கேட்பார். அம்மாவுக்கு மஞ்சளாகத் தெரிவது அவருக்கு எப்போதும் பச்சையாகத்தான் தெரியும்.

ரத்தச் சர்க்கரை சுமார் 180ஐத் தாண்டிய பிறகுதான் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். அதற்குக் கீழே 150 ஆனாலும் 50 ஆனாலும் குழாயில் ஒரே நீலம். லோ சுகரில் ஆள் மயங்கிச் சரியும்போதுகூடக் குழாய் நிம்மதியாகவே நீலம் காட்டும். அப்புறம் 1960களில் ரத்தச் சொட்டை வைத்து நிறம் பார்க்கும் ஸ்ட்ரிப் வந்தது. ஒரு நிமிடம் காத்திருந்து, கழுவி, அட்டையில் அச்சடித்த கட்டங்களோடு ஒப்பிட வேண்டும். அந்த நிறத்தை நம் கண்ணுக்குப் பதில் ஒரு கருவி படித்து எண்ணாகச் சொல்ல ஆரம்பித்ததுதான் குளுக்கோமீட்டர். நிறத்திலிருந்து எண்ணுக்கு வர இவ்வளவு பாடுபட்டிருக்கிறோம். மறுபடி நிறத்துக்கே போவதில்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு வியர்த்து விழித்துக்கொள்கிறேன். மீட்டர் 58 என்றால் உடனே எழுந்து இனிப்பாக எதையாவது வாயில் போட வேண்டும். 95 என்றால் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் விளக்கைப் போட்டு, முன்கையைப் பார்த்து, 'வெளிர்மஞ்சளா, கொஞ்சம் பச்சை கலந்த மஞ்சளா' என்று ஆராய என்னால் முடியாது. அம்மாவும் பக்கத்தில் இல்லை. இன்சுலின் எத்தனை யூனிட் என்பதற்கும் எண்தான் வேண்டும். கேமராவை வைத்து நிறத்தை எண்ணாக்கலாம் என்கிறார்கள், ம்யூனிக் குழுவும் அதைச் செய்துபார்த்தது. சரி, ஆனால் தோலின் நிறம் ஆளுக்கு ஆள் வேறு. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரே கறுப்புத் தோலில் ஆக்சிஜன் குறைவதைப் பல நேரம் தவறவிடுகிறது என்று 2020இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. வெள்ளையர்களோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அப்படியிருக்க, என் மாதிரிக் கறுத்த கையில் மஞ்சளும் பச்சையும் எப்படித் தெரியும் என்று முதலில் காட்டட்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. ம்யூனிக் மைகளில் அமிலத்தன்மை காட்டுவது மட்டும்தான் முன்னும் பின்னும் மாறியது. குளுக்கோஸ் மை ஒருமுறை பச்சையாகிவிட்டால் பழைய மஞ்சளுக்குத் திரும்பாது. காலையில் 240, மதியம் 130 என்று ஏறி இறங்குகிற விஷயத்துக்கு ஏற மட்டும் தெரிந்த மை எதற்கு? தோலுக்கடியில் செல்களுக்கு நடுவே ஊறும் அதே நீரிலிருந்து சில நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணையே தரும் சென்சார்கள் வந்துவிட்டன. கையில் ஒட்டிக்கொண்டு பத்துப் பதினான்கு நாள் கழித்துக் கழற்றிப் போட்டுவிடலாம். காசு அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் பணத்தையும் நம்பிக்கையையும் அதில்தான் போடுவேன். (தோலைத் துளைக்காமலே சர்க்கரை அளக்கிறோம் என்று விற்கும் வாட்ச், மோதிரங்களை நம்ப வேண்டாம் என்று அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்திருக்கிறது. அந்த விளம்பரங்களும் எனக்குத் தவறாமல் வருகின்றன.)

அதற்காக மொத்த யோசனையையும் தூக்கிப்போடச் சொல்லவில்லை. 2018இல் சூரிச்சின் இடிஹெச் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஃபுசெனெகர் குழு செய்தது எனக்கு மிகவும் பிடித்தது. அது மையே இல்லை. மாற்றியமைத்த செல்களைத் தோலுக்கடியில் வைக்கிறார்கள். ரத்தத்தில் கால்சியம் நீண்ட நாள் கூடுதலாகவே இருந்தால் அந்தச் செல்கள் தோலுக்குக் கறுப்பு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும், தோலில் ஒரு மச்சம் தெரியும். சில புற்றுநோய்களில் ஆரம்பத்திலேயே கால்சியம் கூடும் என்பதால் இந்த ஏற்பாடு. எலிகளில் வேலை செய்தது. இங்கே எண் தேவையில்லை, திரும்பிப் பழைய நிறத்துக்கு வரவும் தேவையில்லை. 'போய் டாக்டரைப் பார்' என்று ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். மெதுவாக, சத்தமில்லாமல் வளரும் நோய்க்கு நிறம் போதும். மணிக்கு மணி மாறும் என் சர்க்கரைக்குப் போதாது.

அந்த மச்சத்தை மற்றவர்களும் பார்ப்பார்களே என்ற கேள்வி அவர்களுக்கும் வந்திருக்கிறது. சிவப்பு விளக்கில் மட்டும் தெரியும்படி, டாக்டர் மட்டும் பார்க்கும்படி செய்யலாம் என்றும் யோசித்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது மனசுக்கு இதமாக இருந்தது. கையில் சென்சார் தெரிந்தாலே "இனிப்பு சாப்பிடலாமா நீங்க?" என்று ஆரம்பிப்பவர்கள், என் முன்கை கரும்பச்சையானதைப் பார்த்தால் தட்டையே பிடுங்கிவிடுவார்கள்.

நண்பருக்குப் பதிலாக இந்தப் பதிவையே அனுப்பப் போகிறேன். இப்போது சாப்பாட்டுக்கு முந்தைய சோதனைக்கு நேரமாகிவிட்டது. இன்றைக்கு இடது மோதிர விரலின் முறை.