கோபம் திணைக்களத்தில, வெடி யானைக்குட்டியின்ட வாயில

குளத்துத் தண்ணிக்குள்ள யானைக்குட்டி ஒண்டு நிக்கிற அந்தக் காணொளியைப் பற்றி எழுதக்கூடாது எண்டுதான் இருந்தனான். எல்லாரும் பாத்திட்டியள், பகிர்ந்திட்டியள், போகட்டும் எண்டு விட்டிருப்பன். ஆனா அதுக்குக் கீழ 'ஹாஹா' போட்ட பெயர்களை ஒவ்வொண்டா வாசிச்சன். பாதிப்பேர் எனக்குத் தெரிஞ்ச ஆக்கள். என்னட்டைப் படிச்ச பிள்ளையளும் இருக்கினம். "ரீச்சர், இனி இது வயலுக்கு வராது" எண்டு ஒரு தம்பி என்ட பெயரையும் போட்டு எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவும் எழுதுறன்.

தம்பி, அந்தக் குட்டி தண்ணிக்குள்ள நிண்டு விளையாடேல்லை. அது பன்றிவெடியைக் கடிச்சிருக்கு. பூசணிக்காய்க்குள்ளயோ வெள்ளரிக்காய்க்குள்ளயோ வெடிமருந்தை ஒளிச்சு வைக்கிறது உங்களுக்குத் தெரியாத விசயமில்லை. பன்றி கடிச்சால் அங்கயே விழும். யானைக்குட்டி விழாது. தாடை நொறுங்கும், நாக்குக் கிழியும், உயிர் மட்டும் போகாது. தும்பிக்கையால புல்லைப் பிடுங்கி வாய்வரைக்கும் கொண்டுபோகும், உள்ளுக்குத் தள்ள ஏலாமல் கீழ போடும். திரும்பவும் பிடுங்கும். காணொளியில அதைத்தான் செய்யுது, இன்னொருக்காப் போட்டுப் பாருங்கோ. புண் எரிவுக்குத்தான் யானை தண்ணிக்குள்ள போய் நிக்கிறது. இப்பிடியே கிழமைக்கணக்காப் பட்டினி கிடந்துதான் சாகும். பெரிய யானையை விட விவரம் தெரியாத குட்டியள்தான் இதில கூட மாட்டுப்படுது.

இதுக்கு என்ன சிரிப்பு?

எனக்கு வாற பதில் தெரியும். "யானை உங்கட வீட்டுக்கு வந்தால் தெரியும் ரீச்சர்." வந்திருக்கு. எங்கட வளவில தென்னம்பிள்ளை நிண்டதே கிடையாது. வைக்கிறதும் அது இழுத்துப் போடுறதும்தான். அதை விடுங்கோ. என்ட மாமா, அம்மாவின்ட கூடப்பிறந்த தம்பி, விடியப்புறம் வயலுக்குச் சைக்கிளில போகேக்க யானை அடிச்சுத்தான் செத்தவர். முன் சில்லு மடிஞ்சு கிடந்தது. கரியரில கட்டியிருந்த தேத்தண்ணிப் போத்தில் உடையாமல், தேத்தண்ணி சூடு ஆறாமல் கிடந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மாமியின்ட கையில குடுத்தது நான். ஆகவே யானையைப் பற்றித் தெரியாதவள் கதைக்கிறாள் எண்டு மட்டும் எனக்கு எழுத வேண்டாம். 2023இல இலங்கைத் தீவில 450க்கு மேல யானையும் 150க்கு மேல சனமும் செத்தது. இரண்டு கணக்கும் என்ட கணக்குத்தான். ஒண்டைச் சொன்னால் மற்றதை மறந்திட்டன் எண்டு அர்த்தமில்லை.

நான் சொல்லுறது ஒரே விசயம். காடு எங்கட. காட்டைப் பாக்கிற அரசாங்கத் திணைக்களத்தின்ட இல்லை, எங்கட. எங்கட பொருளை நாங்களே வெடி வைச்சு அழிக்கிறம். அதுதான் எனக்குப் பொறுக்கேல்லை.

இந்த இடத்தில எல்லாரும் பாய்வினம் எண்டு தெரியும். "காடு எங்கட எண்டால் எங்கட காணியில ஏன் காட்டெல்லைக் கல் நட்டவங்கள்?" நியாயமான கேள்வி. இதுக்கு நான் எதிர்க்கதை கதைக்கப் போறதில்லை. போரால இடம்பெயர்ந்து வருசக்கணக்கா ஊரில ஆள் இல்லாமல் கிடந்த வயலில பத்தை எழும்பி, பத்தை மரமாகி, நாங்கள் திரும்பி வரேக்க அது 'ஒதுக்கக் காடு' எண்டு வர்த்தமானியில நிண்டது. உறுதி இருக்கிறவை, அனுமதிப்பத்திரம் இருக்கிறவை, வரம்பு தெரியத்தக்கதா வயல் கிடக்கிறவை எல்லாரையும் ஒரே கோட்டுக்குள்ள அடைச்சவை. எங்கட அப்பாவின்ட காணிக்குள்ளயும் கல் நிக்குது. ஒரு அலுவலகத்துக்கு நானே கடிதம் எழுதினன், பதில் சிங்களத்தில வந்தது. வாசிச்சுச் சொல்ல ஆள் தேடி அலைஞ்சன். ஆகவே அந்தக் கோபம் எனக்கும் இருக்கு, உங்களை விடக் குறையாமல் இருக்கு.

ஆனா கல் நட்டது அந்தக் குட்டியோ? பாலை மரமோ வர்த்தமானியில கையெழுத்து வைச்சது? கல்லுக்கு எதிரா வழக்குப் போடுங்கோ, பிரதேச செயலகத்துக்கு முன்னால இருங்கோ, நானும் வந்து இருக்கிறன். திணைக்களத்தோட கோபமெண்டு காட்டுக்குள்ள வெடி வைக்கிறதில திணைக்களத்துக்கு ஒரு சதம் நட்டமில்லை. அவை வந்து படம் எடுத்து, உடற்கூற்றுப் பரிசோதனை செய்து, தாட்டுப்போட்டுப் போவினம். நட்டம் ஆருக்கு?

லொறிக் கதைக்கும் வாறன். தெற்கில பிடிச்ச யானையளை இரவில கொண்டுவந்து எங்கட பக்கம் இறக்கி விடுறாங்கள் எண்டு எல்லா ஊரிலயும் சொல்லுறியள். நான் கண்ணால காணேல்லை. கண்ட ஆள் இருந்தால் நாள், இடம், வாகன இலக்கம் எழுதித் தாங்கோ, கேட்கலாம். யானையைப் பிடிச்சு வேற காட்டில விடுறது இந்த நாட்டில நடக்கிற வேலைதான், ஒளிவுமறைவு இல்லை. அப்பிடி விட்ட ஆண் யானையளுக்குக் கழுத்துப்பட்டி கட்டிப் பாத்த ஆய்வில என்ன வந்தது? சில யானை பழைய இடத்துக்கே திரும்ப வெளிக்கிட்டது, வேற சிலது புது இடத்தில இன்னும் மோசமா ஊருக்குள்ள போனது. அப்ப உங்கட சந்தேகம் உண்மையா இருந்தாலும் கேட்கவேண்டியது ஏத்தினவனை. யானையைக் கேட்டு என்ன?

வழி இல்லாமலும் இல்லை. யானையளை ஆராயிற கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையில ஒரு குழு, யானைக்கும் சனத்துக்குமான மோதலைக் குறைக்க 2020இல தேசிய செயற்றிட்டம் ஒண்டு எழுதிக் குடுத்தது. அதில கிடக்கிற முக்கியமான விசயம், மின்வேலியை வரைபடக் கோட்டில போடாதே எண்டது. இப்ப போட்டிருக்கிற கன வேலி வனஜீவராசிகள் திணைக்களத்தின்ட காட்டுக்கும் வனவளத் திணைக்களத்தின்ட காட்டுக்கும் நடுவில போகுது. யானை இரண்டு பக்கமும் நிக்குது. ஊரைச் சுத்தி நிரந்தர வேலி, வயலைச் சுத்தி ஒரு போகத்துக்கு மட்டும் நிக்கிற 'போக வேலி', இதுதான் அவை சொன்னது. போக வேலியை விதைக்கேக்க கட்டி, அரிவு வெட்டினாப் பிறகு கழட்டிப் போடலாம். வெறும் வயலில யானை வந்து அரிதாள் மேய்ஞ்சிட்டுப் போகும். குருநாகல் கல்கமுவப் பக்கம் கமக்காரரே கட்டி, தாங்களே முறை வைச்சுப் பாத்து, நடத்திக் காட்டியிருக்கினம். அங்க ஏலும், இங்க முல்லைத்தீவு முத்தையன்கட்டில ஏலாதோ? எங்கட கமக்காரர் அமைப்பில இதைக் கதைக்கச் சொன்னன். "உது உரமானியம் கதைக்கிற கூட்டம் பிள்ளை" எண்டு என்னை இருத்திப்போட்டினம்.

அப்பா காட்டுக்குள்ள இறங்கமுன்னம் ஒரு குழை முறிச்சு, வழியில நிக்கிற பெரிய மரத்தின்ட கொப்பில போடுவார். ஐயன் சாமிக்கு. கேட்டால் "உள்ளுக்கு இருக்கிறவையிட்ட சொல்லிப்போட்டுப் போறம்" எண்டுவார். தேனுக்குப் போனால் வதையை முழுக்க வெட்டமாட்டார். பாலைப்பழக் காலத்தில எங்களைக் கூட்டிக்கொண்டு போவார், விழுந்து கிடக்கிறதைத்தான் பொறுக்கலாம். பால் பட்டு உதடு ரெண்டும் ஒட்டிப் பிசுபிசுக்கும், வீட்டை வந்து நல்லெண்ணெய் பூசித்தான் கழட்டுறது. கரடியும் அந்தப் பழத்துக்குத்தான் வரும் எண்டு வெய்யில் ஏறமுன்னம் திரும்பிடுவம். இப்ப போய்ப் பாருங்கோ. பழம் பறிக்கக் கொப்பு ஏறுறதில்லை, கொப்பையே தறிச்சு விழுத்துறாங்கள். முரளி மரத்துக்கும் அதே கெதிதான். அடுத்த வருசம் அந்த மரம் எதில காய்க்கும் எண்டு ஒருத்தரும் யோசிக்கிறதில்லை. இதுவும் திணைக்களம் செய்ததோ?

முதிரை மரத்தைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டால் எனக்கு எதிரிகள் கூடும். கூடட்டும். இரவில போற உழவு இயந்திரப் பெட்டிக்கு மேல வைக்கல், வைக்கலுக்குக் கீழ முதிரைக் குத்தி. தெற்கு முதலாளி வாங்குறான் எண்டுறம். வெட்டிக் குடுக்கிறது ஆர்? எந்த ஒழுங்கையால போகுது எண்டு ஊருக்கே தெரியும். மணலும் அப்பிடித்தான். கனகராயன் ஆறு வவுனியாவுக்குக் கிழக்கால தொடங்கி, மாங்குளம் கடந்து இரணைமடுக் குளத்துக்கு வந்து, பிறகு சுண்டிக்குளம் கடனீரேரியில விழுகுது. மேல காடு நிக்கும்வரைக்கும்தான் மழைத்தண்ணி மெல்ல இறங்கும். கரை மரத்தைத் தறிச்சு, டிப்பரை ஆத்துக்குள்ள இறக்கினால் மண் வந்து குளத்தில படியும், தண்ணி ஒரேயடியா அடிச்சுக்கொண்டு வரும். 2018 மார்கழி வெள்ளத்தில கிளிநொச்சி பட்ட பாட்டை மறந்திட்டமோ? அண்டைக்குப் பெய்த மழையும் பேய் மழைதான், எல்லாப் பழியையும் காடு தறிச்சதில போட ஏலாது. ஆனா காடு எண்டால் யானை மட்டும்தான் எண்டு நினைக்கிறவைக்குச் சொல்லுறன், உங்கட சிறுபோகத் தண்ணியும் அந்தக் காடுதான்.

அதே 2018இல, யூன் மாசம், கிளிநொச்சி அம்பாள்குளத்தில சிறுத்தையை அடிச்சுக் கொன்றது ஞாபகம் இருக்கும். அது சனத்தைக் காயப்படுத்தினது உண்மை. சனம் பயந்தது உண்மை. ஆனா செத்தாப் பிறகு அதைத் தூக்கி வைச்சுப் படம் எடுத்தது பயத்திலயோ? உலகம் முழுக்க அந்தப் படத்தைத்தான் பாத்தது. முப்பது வருசமா எங்களைக் காட்டு மனிசர் மாதிரிக் காட்டக் காத்துக்கொண்டிருந்தவைக்கு நாங்களே எடுத்துக் குடுத்த படம். அண்டைக்கும் நான் எழுதினன், அண்டைக்கும் பேச்சு வாங்கினன்.

அழுங்கை, அதுதான் செதில் மூடின எறும்புதின்னியைப் பற்றி ஒருத்தரும் எழுதுறதில்லை. அதுக்குப் பல்லே இல்லை. கறையானும் எறும்பும் தின்னுற பிராணி, பயந்தால் ஓடத் தெரியாது, அப்பிடியே உருண்டையாச் சுருளும். சுருண்டதைத் தூக்கி உரப்பையில போட்டுக் கட்டுறது லேசு. ஒரு பேறுக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிதான் போடும். உலகத்திலயே அருகிப்போகுது எண்டு 2017இல இருந்து அனைத்துலக வணிகத்தை முழுக்கத் தடை செய்திருக்கு. எங்கட பக்கம் "இறைச்சி மருந்துக்கு நல்லது" எண்டு ஓடர் குடுக்கினம். என்ன வருத்தத்துக்கு மருந்து எண்டு கேட்டால் ஆளுக்கு ஒரு வருத்தம் சொல்லுறியள்.

கடைசியா வாற கேள்வி எனக்கு வலிக்கிற கேள்வி. "2009 போரில சனம் செத்தது, ஆர் அழுதது? இப்ப யானைக்கு அழுறியள்." இதை எழுதின அண்ணைக்கு நான் மரியாதையாத்தான் பதில் சொல்லுறன். நானும் அங்கதான் இருந்தனான் அண்ணை. உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு ஆரும் அழேல்லை எண்டது எனக்கு மறக்காது. அதால நாங்களும் இனி ஒண்டுக்கும் அழக்கூடாதோ? ஆரும் இல்லாமல் வாய் சிதறிப் பட்டினி கிடந்து சாகிறதைப் பாத்துச் சிரிக்க உலகத்தில எல்லாருக்கும் ஏலுமெண்டாலும் எங்களுக்கு ஏலக்கூடாது அண்ணை. 95இல போரால யாழ்ப்பாணத்துச் சனம் கிளாலிக் கடல் கடந்து வன்னிக்கு வரேக்க ஆர் வைச்சிருந்தது? இந்தக் காட்டுத் தடியில கொட்டில் போட்டு, இந்தக் காட்டு விறகில உலை வைச்சு, பாலைக்குக் கீழ பள்ளிக்கூடம் நடத்தினவை நாங்கள். பங்கர் மூடின குத்தியும் இந்தக் காட்டு மரம்தான். இதைக் கேட்டதுக்குப் பிறகும் 'மிருகமோ மனிசரோ முக்கியம்' எண்டு என்னட்டைக் கேட்டால் எனக்கு அழுகைதான் வருகுது, பதில் வரேல்லை.

வெளிநாட்டுக் காசு எனக்கு வருகுதாம். வரேல்லை. அடுத்தது.

இனி, செய்ய ஏலுமானதைச் சொல்லுறன். தகவலறியும் உரிமைச் சட்டம் 2016இல வந்தது. எங்கட பிரிவில மர அனுமதி எத்தினை, மணல், கிரவல் அனுமதி எத்தினை, ஆருக்குக் குடுத்தது எண்டு ஒரு தாளில கேட்கலாம். தமிழில கேளுங்கோ, தமிழில பதில் கேளுங்கோ. பெரிய திட்டம் ஏதும் வந்தால் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்குப் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் இருக்கு. அந்த 30 நாளுக்குள்ள எங்கட ஊரில இருந்து ஒரு கடிதமும் போறதில்லை, திட்டம் முடிஞ்சாப் பிறகு முகநூலில சண்டை பிடிக்கிறம். உங்கட வயலைக் காட்டெல்லைக்குள்ள இருந்து எடுக்கவும் இதே வழிதான். காட்டுக்காக ஒரு கடிதம் காணிக்காக ஒரு கடிதம் எண்டு இரண்டையும் ஒரே உறையில வைச்சு அனுப்பலாம். காட்டைக் காக்கிற ஊர் எண்டு பெயர் எடுத்தால்தான் "இந்தக் காட்டை நாங்களே பாப்பம், கல்லை எடு" எண்டு கேட்க வாய் இருக்கும்.

சனிக்கிழமை பின்னேரம் கமக்காரர் அமைப்புக் கூட்டம். உரமானியம் கதைச்சு முடியட்டும், நான் இருந்துகொண்டுதான் இருப்பன். கேட்கிறது மூண்டு: எங்கட வாய்க்காலுக்கு உள்ள ஒருத்தரும் பன்றிவெடி வைக்கிறதில்லை எண்டு கூட்டக் குறிப்பில எழுதவேணும். போக வேலிக்கு வீட்டுக்கு எவ்வளவு வரும் எண்டு கணக்குப் பாக்கவேணும். வெடி விக்கிற ஆளின்ட பெயரைப் பயப்பிடாமல் சொல்லவேணும். முதல் இரண்டுக்கும் கை தூக்க ஆள் வேணும். மூண்டாவதுக்குத் தனியா எனக்கு எழுதினாலும் காணும். எனக்கு 'ஹாஹா' போட்ட தம்பியும் வாங்கோ, உங்கட அப்பாவின்ட வயலும் அந்த வாய்க்காலுக்குக் கீழதான் கிடக்கு.