டிஸ்க்கில் எண்ணெய் வேண்டாமே
வண்டியைக் கழுவியதும் பிரேக் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் வட்டமான உலோகத் தகடு) துருப்பிடிக்காமலிருக்க லேசாக எண்ணெய் தடவலாம் என்று இங்கே ஒரு யோசனை சுற்றுகிறது. நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் பிரேக் பிடிக்கும்போது பேட் என்கிற உரசுகட்டை டிஸ்க்கை உரசிப் பிடிப்பதால்தான் வண்டியே நிற்கிறது. எண்ணெய் பட்டால் அந்தப் பிடிப்பு போய்விடும். பேட் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டால் அப்புறம் துடைத்தும் பயனில்லை, பெரும்பாலும் மாற்ற வேண்டியதுதான்.

கழுவிய பின் சில வண்டிகளில் தெரியும் செம்மஞ்சள் படலம் மேலோட்டமான துரு. நீங்களே பார்க்கலாம். ஐப்பசி மழையில் வயல் சேறு அப்பிய வண்டியைக் கழுவி (நம் தஞ்சாவூர்ப் பக்கம் அதற்கா பஞ்சம்!) இரவு நிறுத்திவையுங்கள். காலையில் டிஸ்க்கைக் கவனியுங்கள். ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டி, நாலைந்து முறை பிரேக் பிடித்துவிட்டு மறுபடி பாருங்கள். தொட வேண்டாம், சுடும். பேட் உரசும் இடம் பளிச்சென்றிருக்கும்.