ஃப்ளாஷுக்கு வெளி பேட்டரி வாங்குங்கள், ஆனால் வேகத்துக்காக வேண்டாம்

கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவன் நேற்று ராத்திரி கேட்டான்: "அண்ணே, ஃப்ளாஷ் சார்ஜ் ஆக ரொம்ப நேரம் எடுக்குது. வெளியில மாட்டுற பேட்டரி பேக் ஒண்ணு வாங்கிடலாமா? டக்கு டக்குன்னு அடிக்கும்ல?"

அடிக்கும். வாங்கலாம் என்றும் சொன்னேன். ஆனால் அவன் சொன்ன காரணம் மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. இதே கேள்வி இன்னும் பல பேருக்கு இருக்கும் என்பதால் மீதியை இங்கே எழுதுகிறேன்.

அந்தக் காத்திருப்பு எவ்வளவு வலிக்கும் என்று எனக்குத் தெரியும். சில வருடங்களுக்கு முன் ஒரு திருமணம். மணப்பெண்ணின் அப்பா நிகழ்ச்சி முழுக்க முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு வந்தவர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். மகள் கிளம்பும் நேரத்தில் சட்டென்று உடைந்துபோய் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அதற்கு ஒரு நொடி முன்புதான் முழு பவரில் ஒரு குரூப் போட்டோ எடுத்திருந்தேன். விரல் தானாக அழுத்தியது. ஷட்டர் விழுந்தது, ஃப்ளாஷ் விழவில்லை. ஃப்ளாஷின் பின்பக்கம் தயார் என்று காட்டும் அந்தச் சின்ன விளக்கு எரிவதற்குள் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டார். எனக்குக் கிடைத்தது இரண்டு நிழல்கள் மட்டும் தெரியும் ஒரு கறுப்பு ஃப்ரேம். கம்ப்யூட்டரில் எவ்வளவு வெளிச்சம் ஏற்றிப் பார்த்தும் மணல் கொட்டியது மாதிரி நாய்ஸ்தான் வந்தது. அந்த அப்பாவின் அந்த முகம் அந்தக் குடும்பத்தில் யாரிடமும் படமாக இல்லை. இப்போது நினைத்தாலும் மனசு கனக்கிறது.

அதனால் "பொறுமையாக எடுக்கப் பழகு" என்று யாருக்கும் அறிவுரை சொல்ல வரவில்லை. அந்த நொடிகளில் ஃப்ளாஷுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு பணத்தைச் செலவு செய்யுங்கள் என்றுதான் சொல்ல வருகிறேன்.

கேமராவின் தலையில் மாட்டும் ஃப்ளாஷில் நான்கு டபுள் ஏ செல். மொத்தம் ஐந்து, ஆறு வோல்ட்தான். ஆனால் வெளிச்சம் தரும் செனான் வாயுக் குழாய் பளிச்சென்று ஒளிர, உள்ளே மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய கெபாசிட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் நிறைந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு சின்ன சர்க்யூட் உட்கார்ந்து இந்த ஆறு வோல்ட்டை அந்த 300க்கு ஏற்றிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முழு பவர் அடிக்கும் அது செல்களிடமிருந்து பல ஆம்பியர் கரண்டை உறிஞ்சும். ஃப்ளாஷ் அடித்ததும் காதில் விழுமே ஒரு மெல்லிய "கீ…" சத்தம், அது இந்த வேலை நடக்கும் சத்தம்தான். ஆக, கெபாசிட்டர் நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன. செல் எவ்வளவு தாராளமாகக் கரண்ட் தருகிறது என்பது ஒன்று. எவ்வளவு காலியான கெபாசிட்டரை நிரப்பச் சொல்கிறோம் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதை நாம் நினைத்தே பார்ப்பதில்லை.

முதல் விஷயத்துக்கு வருகிறேன். சாதாரண அல்கலைன் செல்லுக்கு உள்தடை, அதாவது கரண்ட் வெளியே வருவதைத் தனக்குள்ளேயே தடுக்கும் குணம், அதிகம். கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் அருமையான செல், ஃப்ளாஷ் மாதிரி ஒரேயடியாகக் கேட்டால் திணறிவிடும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட்தான், அல்கலைன் 1.5. வோல்ட் குறைவு என்பதால் மெதுவாக நிறையும் என்று பல பேர் நினைக்கிறார்கள். நேர்மாறு. நிக்கான் எஸ்பி-900 ஃப்ளாஷுக்கு அந்தக் கம்பெனியே கொடுத்த கணக்கு: முழு பவரில் அல்கலைன் போட்டால் 4 நொடி, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு போட்டால் 2.3 நொடி. ரீசார்ஜ் ஆகாத லித்தியம் செல் விலை கூடுதல், எடை குறைவு, ரொம்ப நாள் தாங்கும். ஆனால் அதில் கரண்ட் எல்லை மீறாமல் தடுக்கும் பாதுகாப்புப் பாகம் இருப்பதால் அல்கலைனை விடவும் மெதுவாகத்தான் நிரப்பும். யூஎஸ்பியில் சார்ஜ் ஆகும் 1.5 வோல்ட் லித்தியம் செல்லையும் ஃப்ளாஷுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. அதற்குள் இருக்கும் சின்ன சர்க்யூட் ஒரு அளவுக்கு மேல் கரண்ட் தராது. தீரும்போதும் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றுவிடும்.

நல்ல செல் போட்டும் மெதுவாக இருக்கிறதா? நான்கில் ஒன்று சொத்தையாக இருக்கும். நான்கும் ஒரே வரிசையில் ஓடுவதால் ஒன்று படுத்தால் மற்ற மூன்றும் அதன் பின்னால் நிற்கும். நான் ஒவ்வொரு நான்கு செல்லையும் ஒரு செட்டாக எண் எழுதி வைத்திருக்கிறேன். எங்கே போனாலும் அவை சேர்ந்தே போகும், சேர்ந்தே சார்ஜ் ஆகும். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கும் சார்ஜரில் போட்டால் எது மட்டம் என்று ஒரு ராத்திரியில் தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் பேக் வாங்கப் போகாதீர்கள். பாதிப் பேருக்கு இதிலேயே குறை தீர்ந்துவிடும்.

சரி, வெளி பேக். இதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, செல் போடும் இடத்தில் டம்மியைச் செருகி வெளியிலிருந்து அதே ஆறு வோல்ட்டைக் கொடுப்பது. அதிக நேரம் ஓடும். ஆனால் வோல்ட் ஏற்றும் வேலை ஃப்ளாஷுக்குள் இருக்கும் அதே சர்க்யூட்டின் தலையில்தான். வேகம் கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான். இன்னொன்று ஹை வோல்டேஜ் பேக். பேக்குக்குள்ளேயே வோல்ட் ஏற்றும் சர்க்யூட் இருக்கிறது. ஃப்ளாஷின் பக்கவாட்டில் ரப்பர் மூடிக்குள் ஒளிந்திருக்கும் சாக்கெட் வழியாக நேராகக் கெபாசிட்டரை நிரப்பிவிடும். கேனனின் சிபி-இ4, நிக்கானின் எஸ்டி-9 இரண்டும் எட்டு டபுள் ஏ செல் போடுபவை. குவாண்டம் டர்போ, கோடாக்ஸ் பிபி960 போன்றவை சொந்த பேட்டரியோடு வருபவை. வேகம் தெரிவது இந்த ஜாதியில்தான். இதை மாட்டினாலும் உள்ளே நான்கு செல் இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் திரை, மூளை, ஜூம் மோட்டார் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. பேக் மாட்டியும் ஃப்ளாஷ் உயிர் பெறவில்லை என்று பதறுபவர்களில் பல பேர் உள்ளே செல் போட மறந்தவர்கள்.

நானும் அந்தக் கறுப்பு ஃப்ரேமுக்குப் பிறகு ஹை வோல்டேஜ் பேக் ஒன்று வாங்கினேன். முதல் நாள் சந்தோஷம் சொல்லி மாளாது. அழுத்தினால் வெளிச்சம், மறுபடி அழுத்தினால் மறுபடி வெளிச்சம். இரண்டாவது மாதம் ஒரு நிகழ்ச்சி. உயரமான கூரை. ஃப்ளாஷை மேலே திருப்பி, கூரையில் பட்டு வரும் வெளிச்சத்தில் வரிசையாகக் குடும்பங்களை எடுத்துக்கொண்டிருந்தேன். கூரை உயரம் என்பதால் ஒவ்வொன்றும் முழு பவர். பேக் இருக்கும் தைரியத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் நான்கு, ஐந்து என்று தள்ளிக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் பிளாஸ்டிக் கருகும் வாசனை. ஃப்ளாஷ் தலையைத் தொட்டுப் பார்த்தால் கை வைக்க முடியவில்லை. முன்னால் இருக்கும் வரி வரியான பிளாஸ்டிக் கண்ணாடியின் நடுவில், அரிசி அளவுக்கு வெள்ளையாக ஒரு கொப்புளம். உருகியிருந்தது. உள்ளே குழாயின் இரு முனைகளும் கறுத்திருந்தன. மறுநாள் ஒரு தடவை பளிச்சென்று அடித்துவிட்டு அந்த ஃப்ளாஷ் நின்றுபோனது.

குற்றம் பேக்குடையது இல்லை, ஃப்ளாஷுடையதும் இல்லை. நான்கு செல் போட்ட ஃப்ளாஷுக்கு அந்த மூன்று, நான்கு நொடிக் காத்திருப்பு வெறும் காத்திருப்பு அல்ல, மூச்சு விடும் இடைவெளியும் அதுதான். குழாயும் கண்ணாடியும் அந்த இடைவெளியில்தான் கொஞ்சம் ஆறுகின்றன. பேக் அந்த இடைவெளியை எடுத்துவிடுகிறது, சூட்டை எடுப்பதில்லை. கேனன் 580இஎக்ஸ் 2 ஃப்ளாஷின் கையேட்டிலேயே எழுதியிருக்கிறது: தொடர்ந்து 20 தடவைக்கு மேல் அடிக்காதே, அதன்பிறகு 10 நிமிடமாவது ஓய்வு கொடு என்று. நான்கு செல்லோடு அந்த எல்லையை நாம் அவ்வளவு சீக்கிரம் தொடமாட்டோம். பேக் மாட்டினால் ஒரு நிமிடத்துக்குள் தாண்டிவிடலாம். 2008-ல் வந்த நிக்கான் எஸ்பி-900 சூடானால் தானே நின்றுவிடும்படி செய்யப்பட்டிருந்தது. நிகழ்ச்சி நடுவில் நிற்கிறதே என்று எத்தனையோ பேர் கொதித்தார்கள். 2011-ல் வந்த எஸ்பி-910-ல் ஒரேயடியாக நிற்காமல், சூடு ஏற ஏற நிறையும் நேரம் நீளும்படி மாற்றினார்கள். எஸ்பி-900-ஐத் திட்டியவர்களின் எரிச்சல் புரிகிறது. என் ஃப்ளாஷ் உருகிய பிறகு அந்தப் பாதுகாப்பின் மேல் எனக்கு மரியாதைதான்.

இன்னொரு நுணுக்கம். வெளிச்சம் அகலமாகப் பரவும்படி ஃப்ளாஷ் ஜூமை வைத்தால் உள்ளே குழாய் முன்னால் நகர்ந்து கண்ணாடிக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிடும். அப்போது முழு பவரில் அடுத்தடுத்து அடிப்பதுதான் மிக ஆபத்தான சேர்க்கை. அதன் மேல் வெளிச்சத்தின் நிறத்தை மாற்றும் கலர் ஜெல் தாளும் ஒட்டியிருந்தால் முதலில் உருகுவது அதுதான்.

அப்புறம் அந்த இரண்டாவது விஷயம், கெபாசிட்டரை எவ்வளவு காலி செய்கிறோம் என்பது. இன்றைய ஃப்ளாஷ்கள் கால் பவரில் அடித்தால் கால்வாசி மின்சாரத்தைத்தான் செலவழிக்கும், மீதி கெபாசிட்டரிலேயே இருக்கும். திரும்ப நிரப்ப வேண்டியது அந்தக் கால்வாசி மட்டும். நான்கு நொடி காத்திருந்த இடத்தில் ஏறக்குறைய ஒரு நொடி. சூடும் கால்வாசி. கால் பவருக்கு இறங்கியதால் வெளிச்சம் குறையுமே என்றால், கேமரா வெளிச்சத்தை எவ்வளவு நுட்பமாக உணர வேண்டும் என்று சொல்லும் ஐஎஸ்ஓவை 400-லிருந்து 1600-க்கு ஏற்றுங்கள், இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு) சரியாக ஈடாகிவிடும். இன்றைய கேமராக்களில் 1600 ஒரு பொருட்டே இல்லை. ஃபிலிம் காலத்துப் பழக்கத்தில் 400-ஐத் தாண்ட மனம் வராமல், அந்தப் பாரத்தை முழுக்க ஃப்ளாஷின் தலையில் ஏற்றிவிட்டு, அது திணறுகிறது என்று பேக்கைத் தேடுகிறோம். அந்தக் கறுப்பு ஃப்ரேமை நான் இழந்தது செல்லால் அல்ல, ஐஎஸ்ஓ 400-ல் பிடிவாதமாக நின்றதால்தான் என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. புரிந்த அன்று தூங்கவில்லை.

அப்படியென்றால் பேக் எதற்கு? தெம்புக்கு. மூன்று, நான்கு மணி நேரம் ஓடும் நிகழ்ச்சியில் செல் தேயத் தேய நிறையும் நேரம் நீண்டுகொண்டே போகும். முதல் மணி நேரத்தில் இரண்டு நொடி, கடைசியில் ஆறு, ஏழு நொடி. முக்கியமான தருணங்கள் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். பேக் இருந்தால் கடைசிப் படமும் முதல் படம் மாதிரியே விழும். கூட்டத்தின் நடுவில் செல் மாற்ற நின்று ஒன்றைக் கீழே தவறவிட்டுத் தேட வேண்டாம். வெளிச்சமும் சீராக வரும். பல ஃப்ளாஷ்களில் தயார் விளக்கு கெபாசிட்டர் முழுதாக நிறையும் முன்பே எரிந்துவிடும். கேனனில் பச்சை எரிந்தால் அரைகுறை, சிவப்பு எரிந்தால்தான் முழுசு. தேய்ந்த செல்லோடு அவசரப்பட்டு அடித்த ராத்திரியின் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், ஒரு படம் வெளிச்சம், அடுத்தது மங்கல், அதற்கடுத்தது பாதி என்று வரிக்குதிரை மாதிரி இருக்கும். அதைச் சரிசெய்ய உட்காரும் நேரத்துக்கே பேக் வாங்கலாம்.

கையால் செய்துகொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். பவர் பேங்கின் யூஎஸ்பி ஐந்து வோல்ட்டில் இரண்டு, மூன்று ஆம்பியர்தான் தரும், ஃப்ளாஷ் இழுத்தவுடன் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். ஆறு வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியை டம்மி செல்லில் இணைப்பவர்களுக்கு எதிர்ப் பிரச்சினை. அதன் உள்தடை ரொம்பக் குறைவு, ஃப்ளாஷின் சர்க்யூட் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்துவிடும், உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் தாங்காமல் போகலாம். ஃப்ளாஷைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். அணைத்து வைத்த பிறகும் கெபாசிட்டரில் 300 வோல்ட் நிற்கும், உயிருக்கே ஆபத்து. பேக்கின் கேபிளை மாட்டும்போதும் கழற்றும்போதும் பேக், ஃப்ளாஷ் இரண்டையும் அணைத்துவிட்டே செய்யுங்கள். விமானத்தில் போனால் லித்தியம் பேக் கைப்பையில்தான் வர வேண்டும். பேட்டரியின் கொள்ளளவு 100 வாட் ஹவர் தாண்டினால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும்.

புதிதாக ஃப்ளாஷே வாங்கப் போகிறவர்களுக்கு இந்தக் கேள்வி பாதி மறைந்துவிட்டது. கோடாக்ஸ் வி860 2 மாதிரி சொந்த லித்தியம் பேட்டரியோடு வருபவை ஒன்றரை நொடியில் நிறையும் என்றும், முழு பவரில் 650 தடவை அடிக்கும் என்றும் தயாரித்தவர்கள் சொல்கிறார்கள். மாற்று பேட்டரி ஒன்று பாக்கெட்டில் இருந்தால் ஒரு நாள் ஓடிவிடும், இடுப்பில் கேபிள் தொங்க வேண்டியதில்லை. ஆனால் சூட்டுக் கணக்கு அதற்கும் அதேதான்.

ஞாயிற்றுக்கிழமை தம்பியை வரச் சொல்லியிருக்கிறேன், செல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு. முதலில் சார்ஜரில் போட்டுச் சொத்தையைப் பொறுக்குவோம். பிறகு அவன் ஃப்ளாஷில் முழு பவரில் ஒன்று, கால் பவரில் ஒன்று, ஸ்டாப்வாட்சில் நேரம் பார்ப்போம். அப்புறம் என் பேக்கை மாட்டி அதே இரண்டையும். உருகிய அந்த ஃப்ளாஷையும் மேசையில் எடுத்து வைத்திருக்கிறேன், அந்தக் கொப்புளத்தை அவன் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். எந்த பேக் வாங்குவது என்பதை அதற்குப் பிறகு பேசிக்கொள்கிறோம்.